நான் நிக்கிறன், போட்டு வாங்கோ

எங்கள் வீட்டில் பழைய படத்தொகுப்புகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. நயாகரா போனது, நான் பெரியபிள்ளையான சாமத்திய வீடு, கலியாண வீடு என்று எல்லாம் அதற்குள் கிடக்கிறது. மாசி மாதத்துக் குளிரில் நடந்த கலியாணப் படங்களில்கூட ஒருவர் கையிலும் கோட்டு இல்லை, தொப்பி இல்லை, கைப்பை இல்லை. பெண்கள் எல்லோரும் கைகளை வீசிக்கொண்டு ஒய்யாரமாக நிற்கிறோம். அந்த நேரத்தில் அவ்வளவு சாமானும் எங்கே இருந்தது என்று கேட்டால், படத்துக்கு வெளியே பத்தடி தள்ளி, அவருடைய கையில் இருந்தது.

அவரை நான் கீழ்மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் எதுவும் இல்லை. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் இருந்து எங்கள் குடும்பம் அஜின்கோர்ட்டில் வீடு வாங்கி வந்தபோது, அந்த வீட்டின் பேஸ்மென்டுக்கு வாடகைக்கு வந்தவர். அப்போது எனக்கு ஒன்பது வயது. போன வருடம்தான் மொன்றியலில் இருக்கும் தன் அக்கா மகனிடம் போனார். இடையில் முப்பது வருடம் எங்கள் காலுக்குக் கீழேயே இருந்தார். கலியாணம் கட்டவில்லை. பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் வேலை. பெயரை இங்கே எழுதினால் கூச்சத்தில் என்னுடன் ஒரு மாதம் கதைக்கமாட்டார், அதனால் எழுதவில்லை.

அவர் வாயில் இருந்து நான் அதிகம் கேட்ட வசனம் ஒன்றுதான். "நான் நிக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ." போய்விட்டு வாருங்கள், நான் இங்கேயே காவல் நிற்கிறேன் என்று அர்த்தம்.

கோட்டு விசயத்தை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் குளிர்காலக் கோட்டு வாங்குகிற முறை ஒன்று இருக்கிறது. எங்காவது ஒரு கடையில் மலிவு விற்பனை என்றால் ஒருவர் பத்துப் பேருக்குச் சொல்லுவார், பத்துப் பேரும் போய் ஒரே கறுப்புக் கோட்டை வாங்கிக்கொண்டு வருவார்கள். அதோடு கலியாண மண்டபத்துக்குப் போனால் என்ன நடக்கும்? ஒரு முறை அப்பா வேறு யாருடையதோ கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பொக்கற்றுக்குள் முன்பின் தெரியாத ஒருவரின் பல்செற் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் கோட்டுகளுக்குப் பொறுப்பு கீழ்மாமா. பெரியவர்களுடையதை அடியில் வைத்து, பிள்ளைகளுடையதை மேலே வைத்து, கையுறைகளை அந்தந்தக் கோட்டின் கைக்குள் செருகி, இரண்டு முழங்கையிலும் மடித்துப் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக நிற்பார். கதிரை கொடுத்தாலும் இருக்கமாட்டார். நாங்கள் சாப்பிட்டு, கதைத்து, மேடையில் ஏறிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பி வர, கேட்காமலே அவரவர் கோட்டு அவரவர் கைக்கு வரும். முப்பது வருடத்தில் ஒரு கையுறைகூடத் தொலைந்ததில்லை. அம்மா மற்றப் பெண்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லுவா, அவர்களும் தங்களுடைய கோட்டுகளைக் கொண்டுவந்து அவர் மேல் போட்டுவிட்டுப் போவார்கள்.

கோயிலுக்குப் போனால் வாசலில் சப்பாத்துகளுடன் நிற்பார். எல்லாம் ஒரே கறுப்பு பூட்ஸ், மாறிப் போய்விடும் என்பார். சுவாமி வெளியே வரும்போது வாசலில் இருந்தே கும்பிடுவார். நயாகராவுக்கு நாங்கள் பத்துத் தடவையாவது போயிருப்போம். சொந்தக்காரர் யார் லண்டனில் இருந்து வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பத்துத் தடவையும் அவர் சோற்றுப் பெட்டிகளோடு காருக்குப் பக்கத்தில் நின்றார். தண்ணீர் விழுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று சொன்னார்.

குடியுரிமைச் சத்தியப் பிரமாணம் எடுத்த அன்று நடந்ததை அப்பா இருந்தவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சத்தியம் முடிந்து, நீதிபதியுடன் நின்று படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கீழ்மாமாவும் அன்று கனடாக்காரர் ஆனவர்தான். ஆனால் முன்னுக்கு நின்ற ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு தடுமாறியது. குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் போட்டு வாங்கோ என்றிருக்கிறார். அதைப் பார்த்த இன்னொரு குடும்பமும் தங்கள் குழந்தையைக் கொடுத்தது. இரண்டு குழந்தையும் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது நீதிபதி போய்விட்டார். அப்பா சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

என்னுடைய பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஒரு வருடமாக வீடே அமளிப்பட்டது. அன்றைக்கு மேடைக்குப் பின்னால் உடுப்புப் பெட்டி, நகைப் பெட்டி, பூத்தட்டு எல்லாவற்றுக்கும் காவல் அவர்தான். மூன்று மணித்தியாலம் அந்தப் பின்பக்க நடைபாதையில் நின்றார். முடிந்ததும் வியர்வையோடு ஓடிப் போய், எப்படி ஆடினேன் மாமா என்று கேட்டேன். பதினாறு வயதுத் திமிர், புகழ்ச்சி வேண்டும். "சலங்கைச் சத்தம் கேட்டனான் பிள்ளை. ஒரு இடத்திலையும் பிசகேல்லை" என்றார். அவர் என் நடனத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நகை பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நான் படம் எடுக்கப் போய்விட்டேன்.

இதையெல்லாம் நாங்கள் அவருடைய இயல்பு என்று சொல்லி வைத்திருந்தோம். அவருக்கு இந்த வேடிக்கை பார்க்கிறதில் விருப்பம் இல்லை, பாவம், கூச்ச சுபாவம் என்று அம்மா சொல்லுவா. எங்களுக்கு வசதியாக இருந்ததால் ஒருவரும் அதை மறுத்துப் பேசவில்லை.

அது பொய் என்று எனக்குத் தெரிய வந்தது ஒரு மே மாதத்தில். வடக்கே தூரத்தில் மட்டும் தெரிகிற துருவ ஒளி, அன்று அதிசயமாக ரொறன்ரோ வரைக்கும் இறங்கி வந்தது. தெருவே வெளியே வந்துவிட்டது. என் மகளுக்கு அப்போது ஒரு வயது, உள்ளே நித்திரை. நானும் கணவரும் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்க, கீழ்மாமா படியேறி வந்தார். பிள்ளையோடு தான் நிற்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்றார். பத்து நிமிடத்தில் வந்து மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடினோம். வானம் இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் இருந்தது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். பத்து நிமிடம் ஒரு மணித்தியாலம் ஆனது. திரும்பி வந்தபோது வானத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலையில் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அது புகை மாதிரி அசையுமா, சீலை மாதிரி அசையுமா? சத்தம் வருமா? பச்சை என்றால் எந்தப் பச்சை, நெல்லுப் பச்சையா, கிளிப் பச்சையா? வேலையிடத்தில் மனிற்றோபா மாகாணத்துக்காரன் ஒருவன் இருபது வருடத்துக்கு முன்னர் அதைப் பற்றிச் சொன்னானாம். அன்று தொடக்கம் ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசையாம். அதைச் சொல்லிவிட்டு, சும்மா ஒரு விசர் ஆசை பிள்ளை என்று சிரித்தார். தேத்தண்ணிக் கோப்பையோடு எனக்கு முன்னால் இருந்த அந்த மனிதரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு மணித்தியாலமாக அவர் ஞாபகமே எனக்கு வரவில்லை. அதுதான் உண்மை, அதற்கு வேறு பெயர் கிடையாது.

அந்த வருடக் கடைசியில் அவரைக் கண் டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து விட்டால் கார் ஓட முடியாது, அதற்காகத்தான் என்னைக் கேட்டார். டொக்ரர் சொன்னதை நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கண்ணில் அழுத்தம். இடது கண் ஏறத்தாழப் போய்விட்டது. வலது கண்ணின் பார்வை ஓரங்களில் இருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வருகிறது. போனது போனதுதான், இருப்பதைக் கொஞ்சக் காலம் பிடித்து வைக்கலாம். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். அம்மாவை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். காருக்குள் ஏறியதும் ஒன்று மட்டும் சொன்னார்.

"அக்காவிட்டைச் சொல்லாதையும் பிள்ளை. பிறகு கோட்டைத் தரமாட்டா."

எனக்குக் கோபம் வந்தால் ஏதாவது செய்தாக வேண்டும். அன்று இரவே கணினியைத் திறந்து தேடினேன். ரொறன்ரோவில் இருந்து மூன்றரை மணித்தியாலம் வடக்கே, நகர வெளிச்சம் எட்டாத ஒரு ஏரிக்கரைக்குச் சின்ன வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எட்டுப் பேர்தான், வழிகாட்டி ஒருத்தி. ஒளி தெரியும் என்று உத்தரவாதம் இல்லை, தெரியக்கூடிய இரவு பார்த்துத்தான் போவார்கள். மார்ச் மாதத்துக்கு மூன்று இடம் பதிந்தேன்.

அவரைக் கூப்பிட்டால் வரமாட்டார் என்று தெரியும். அதனால் அம்மாவுக்கு அந்த ஒளியைப் பார்க்க ஆசை, முழங்கால் வருத்தத்தோடு தனியே வர முடியாது, சாமான் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். உடனே சரி என்றார். அம்மாவிடம், உங்களுக்காகத்தான் போகிறோம் என்று சொன்னேன். அம்மாவுக்கு அப்படி ஒரு ஆசையும் இருந்ததில்லை, ஆனாலும் மகள் தனக்காகக் காசு செலவழிக்கிறாள் என்ற சந்தோசத்தில் நாலு பேருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டுப் புறப்பட்டா.

வழிகாட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க கனடாவின் வடக்குப் பகுதிப் பெண். வான் நின்ற இடத்தில் இருந்து ஏரிக்கரைக்குத் தட்டைப் பாறை மேல் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும், பனி கொஞ்சம் வழுக்கும் என்றாள். அம்மாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு, விருப்பமானால் அம்மா சூட்டோடு வானிலேயே இருக்கலாம், கூட ஒருவர் இருந்தால் நல்லது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கீழ்மாமா தன் சீற் பெல்ற்றைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நான் நிக்கிறன், நீர் போட்டு வாரும்" என்றார்.

மற்ற ஐந்து பேரும் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. இறங்குங்கள் என்று கத்தினேன். நான் அம்மாவோடு நிற்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன். இளம் பிள்ளை நீர் பார்க்க வேண்டும், எனக்கு என்னத்துக்கு என்றார். அதோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"உங்களுக்காகத்தான் வந்தனாங்கள் மாமா. உங்கட கண் முழுக்கப் போறதுக்கு முதல் நீங்கள் பார்க்கவேணும் எண்டுதான். அம்மாவுக்கு உந்த ஆசையே இல்லை."

அவர் குனிந்து தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. அம்மா என்னைப் பார்த்தா, பிறகு அவரைப் பார்த்தா. எந்தக் கண், எவ்வளவு காலமாக, ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்கப் போகிறா என்று நினைத்தேன். அம்மாவோ தன் சீற் பெல்ற்றைக் கழற்றினா.

"தம்பி, எனக்கு உந்த ஒளியைப் பார்க்கவேணும். இவளைப் பிடிச்சுக்கொண்டு நடக்க எனக்குப் பயம். நீர் கூட்டிக்கொண்டு போம்" என்றா. தன்னுடைய கைப்பையையும் எடுத்து அவர் தோளில் மாட்டிவிட்டா.

அவரால் அதை மறுக்க முடியாது. என் அம்மாவின் மூளையை நான் முப்பத்தொன்பது வருடமாகக் குறைத்து எடைபோட்டிருக்கிறேன். ஆனால் இறங்கிய பிறகும் கீழ்மாமா, வானில் கிடக்கிற மற்ற ஆட்களின் பைகளை யார் பார்ப்பது என்று கேட்டார். வழிகாட்டி வானைப் பூட்டித் திறப்பைக் காட்டிய பிறகுதான் நடந்தார்.

ஒரு கையில் அம்மாவின் முழங்கை, தோளில் அம்மாவின் பை, மற்றக் கையில் தேத்தண்ணிப் போத்தல். ஒவ்வொரு அடியாக நடந்தோம். ஒரு பக்கம் அவருக்குக் கண் தெரியாது, மறு பக்கம் அம்மாவுக்குக் கால் ஏலாது. பாதி வழியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு இடத்தில் பாறை இடுப்பளவுக்கு உயர்ந்திருந்தது, அதில் சாய்ந்துகொண்டு நின்றோம். கரைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் கைகாட்டுகிறதைக் கண்டு அண்ணாந்து பார்த்தேன். வெளிறிய சாம்பல் பட்டை ஒன்று வானத்தில் கிடந்தது, மேகம் மாதிரி. போனில் படம் எடுத்துப் பார்த்தால் பச்சை, வெறும் கண்ணுக்குச் சாம்பல்.

தெரிகிறதா மாமா என்று கேட்டேன். தெரியுது பிள்ளை, நல்ல வடிவு என்றார். கலியாண வீட்டில் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டும் அவர் இதே குரலில்தான் நல்ல சாப்பாடு என்பார். எங்களைச் சந்தோசப்படுத்தச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்கே அரைகுறையாகத் தெரிகிறதை அந்த அரைக்கண் எப்படிப் பார்க்கும்? மூன்றரை மணித்தியாலம் இழுத்து வந்து அவரைப் பொய் சொல்ல வைத்ததுதான் மிச்சம் என்று மனம் நொந்துபோனேன்.

பிறகு அது நிறம் பிடித்தது. எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தச் சாம்பல் பட்டை நடுவில் உடைந்து, பச்சை கீழே கீழே இறங்கி, எங்கள் தலைக்கு மேல் வரைக்கும் வந்து ஆடியது. நெல்லுப் பச்சை. ஓரத்தில் சிவப்பு. கரையில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். அம்மா முருகா முருகா என்றா. நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. நடுவில் அவர் ஞாபகம் வந்து திரும்பினேன். அவர் எங்களை விட்டு நாலைந்து அடி தள்ளிப் போய் நின்றார். தொப்பியைக் கழற்றியிருந்தார். வலது கண்ணுக்கு வாகாகத் தலையைச் சரித்து, வானத்தின் ஒரு கரையில் இருந்து மறு கரைவரை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை.

திரும்பும்போது அம்மாதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தா. எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. வானில் ஏறிய பிறகு, உண்மையாகப் பார்த்தீர்களா மாமா என்று கேட்டேன். ஓம் பிள்ளை, நல்ல வடிவு என்றார், அதே குரலில். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இந்த மனிதரிடம் இருந்து இனி ஒன்றும் வராது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் ஓடியிருக்கும். மற்றவர்கள் எல்லோரும் நித்திரை. அம்மா இருட்டில் எதையோ தடவித் தேடினா. காலடியில் பார்த்தா, சீற்றுக்குக் கீழே பார்த்தா, பிறகு அவருடைய மடியையும் தோளையும் உற்றுப் பார்த்தா. எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் சாய்ந்து நின்ற அந்தப் பாறையில் கைப்பையை அவர் மறந்து வைத்துவிட்டார். வங்கி அட்டை, வைத்தியசாலை அட்டை, பிரசர்க் குளிசை, வீட்டுத் திறப்பு, எல்லாம் அதற்குள். வானைத் திருப்பச் சொல்ல நான் எழும்ப, அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்து இருத்தினா. காதோடு வாய் வைத்துச் சொன்னா.

"சத்தம் போடாதை. பார்த்திட்டாரடி பிள்ளை. வடிவாப் பார்த்திட்டார்."

அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எங்கள் அசைவில் அவர் கண் விழித்தார். முதலில் தோளைத் தடவினார், பிறகு மடியை.

"அக்கா, உங்கட பாக்?"

"என்னட்டைத்தான் கிடக்கு. நீர் நித்திரை கொள்ளும்" என்றா அம்மா.

அவர் திரும்பக் கண்ணை மூடினார். அம்மா போர்வையை இழுத்து மடியில் போட்டு, அதற்குக் கீழே இரண்டு கைகளையும் ஒன்றையொன்று கட்டி, ஒரு பையை அணைத்து வைத்திருப்பவ மாதிரி, அஜின்கோர்ட் வந்து சேரும்வரை அசையாமல் இருந்தா.